ஐந்தாம் பக்கத்தில் அண்ணன்

ரோனியோ மையின் மணம் உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் மூக்கில் நிற்கிறதோ தெரியாது. தவணைப் பரீட்சைத் தாள் கைக்கு வந்ததும் கேள்வியைப் பார்க்காமல் முதலில் தாளை மணந்து பார்த்த கூட்டம் நாம். உங்களுக்கு அது பரீட்சையின் மணமாக இருக்கலாம். எனக்கு அது ஒரு நண்டினதும் தவளையினதும் எருமையினதும் மணம். அதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாக நினைக்கிறேன். வயது போகப் போகப் பெயர்கள்தான் முதலில் மறக்கும் என்கிறார்கள். எனக்கு மறந்தது பெயர் இல்லை.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். பட்டணம் போவதென்றால் துறைக்கு நடந்து, பாதையில் ஏறி அக்கரைக்குப் போகவேண்டும். பாதை என்றால் வழி இல்லை, ஆளையும் சைக்கிளையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிப் போகும் தட்டைப் படகு. யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் பாதை ஓடும் நாளும் ஓடாத நாளும் யாருக்கும் தெரியாது. துறையில் ஆமி நின்றால் ஓடாது. நிற்காவிட்டாலும் சில நாள் ஓடாது.

ஊரில் அச்சு இயந்திரம் என்று சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் இருந்த ரோனியோ. கூப்பன் பட்டியலும் கூட்ட அறிவித்தலும் அடிப்பதற்காகக் கொடுத்தது. அதன் கைப்பிடியைச் சுற்றுகிற வேலை சங்கத்துக் கிளாக்கருக்கு. நாங்கள் அவரைப் படக்கார மாமா என்போம். முப்பத்தைந்து வயது, கலியாணம் இல்லை, கடையின் பின் அறையில் சீவியம். பகலில் மண்ணெண்ணெய் அளந்து கொடுப்பார். பின்னேரம் சிறுபிள்ளைகளுக்குப் புத்தகம் செய்வார். "கலியாணம் கட்டுற வயசில நண்டுக்குச் சட்டை தைக்கிறான்" என்று ஆம்பிளைகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

புத்தகம் என்றால் எட்டுப் பக்கம். கதையும் அவருடையது, படமும் அவருடையது. மெழுகு பூசிய நீல ஸ்டென்சில் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்னால் வெளிச்சம் விழ, ஊசிப் பேனாவால் கீறுவார். தாள் கிழியாமல் மெழுகு மட்டும் விலகவேண்டும். பிறகு முப்பது பிரதி, தாள் அகப்பட்டால் முப்பத்தொன்று. நிறம் கையால் தீட்டுவார். உடுப்புக்குப் போடும் நீலம், மஞ்சள், அவரை இலைச் சாறு, நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் கொப்பிப் பென்சில். நடுவில் வலை நூலால் இரண்டு தையல். அவ்வளவுதான். பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒன்று.

நண்டுப் புத்தகத்தில் நண்டு வாவிக்கரை முழுக்க வீடு தேடி அலையும். எந்த வளையிலும் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கும். கடைசிப் பக்கத்தில் அது தன் இரண்டு கொடுக்கையும் தலைக்கு மேலே தூக்கி, இதுதான் கூரை என்று நிற்கும். தவளைப் புத்தகத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்த தவளை காதில் களிமண் அடைத்துக்கொண்டு, மழை வந்தது தெரியாமல் கிடக்கும். எங்களுக்கு அவை சிரிப்புக் கதைகள். பங்கருக்குள் இருந்துகொண்டே தவளைப் புத்தகத்தைப் படித்துச் சிரித்திருக்கிறோம். பெரிய ஆட்கள் யாரும் அந்தப் புத்தகங்களைத் திறந்து பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மூன்றாவது புத்தகம் 'எருமைக்கு ஒரு குடை'. எருமை மழையில் நனைகிறது. அதன் முதுகில் ஒரு கொக்கு. எருமை மேய்க்கிற பொடியன் வீட்டுக்கு ஓடிக் குடை எடுத்து வருகிறான். எருமைக்குக் குடை காணாது, சின்னக் குடை. கடைசியில் கொக்குக்கு மட்டும் பிடித்துக்கொண்டு தானும் எருமையும் நனைகிறார்கள். மற்றப் பக்கங்களில் முகம் தெரியாத சின்ன உருவமாக வரும் அந்தப் பொடியன் ஐந்தாம் பக்கத்தில் மட்டும் குடையோடு எங்களைப் பார்த்து நேரே வருவான். வாய் நிறையச் சிரிப்பு. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். ஒரு புருவத்தில் சின்ன வெட்டு.

அது என் அண்ணன்.

அண்ணனுக்கு அப்போது பதினேழு. எனக்குப் பத்து. அப்பாவோடு வட்டைக்குப் போய் வயல் வேலை செய்வான். எங்கள் எருமைகளும் அவன் பொறுப்பு. ஊஞ்சலால் விழுந்து பல்லும் புருவமும் உடைத்துக்கொண்டவன். படக்கார மாமா மூன்று பின்னேரம் அவனைக் கடை வாசலில் குடையோடு நிற்கவைத்துக் கீறினார். அண்ணன் கூலியாக ஒரு பிடி சீனி கேட்டு வாங்கி, பாதியை எனக்குத் தந்தான். புத்தகம் வந்த அன்று அவன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "நம்மட முகமும் புத்தகத்தில வந்திட்டு" என்று வீட்டைச் சுற்றி நடந்தான்.

அம்மா அந்த நேரம் அடுப்படியில் இருந்தார். எட்டிப் பார்த்தார். ஓடிவந்து அவன் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்தார்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன். அந்த மாதம் பக்கத்து ஊரில் சுற்றிவளைப்பு நடந்தபோது ஆமி வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த படங்களைக் கழற்றிக் கொண்டுபோனது. மறுநாள் அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, இவன் எங்கே, அவன் எங்கே என்று கேட்டது. அந்தக் கதை வாவிக்கரை முழுக்க ஒரே நாளில் பரவியது. வயதுப் பொடியன் இருக்கும் வீடுகளில் படங்களை எரித்தார்கள். அம்மாவும் எரித்தார். பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்த ஒரு வயதுப் படம், சாமத்தியச் சடங்கொன்றில் அண்ணன் வெற்றிலைத் தட்டோடு நிற்கும் படம், பள்ளிக்கூடப் படம், எல்லாம் அடுப்புக்குள். நெகட்டிவ் எரிந்த நாற்றம் இரண்டு நாள் சோற்றில் இருந்தது. அண்ணனுக்கு மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த படம் மட்டும். அதை அவன் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான்.

இப்போது பார்த்தால் அதே முகம் முப்பத்தொரு வீட்டுக்குப் போயிருக்கிறது.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போனார்.

"தம்பி, இது ஆரு?"

"கதையில வாற பொடியன் அக்கா. எருமைக்காரப் பொடியன்."

"கதையில வாறவனுக்கு என்ட மகன்ட பல்லு எப்பிடி வந்தது?"

மாமா சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "இது சின்னப் புள்ளயள்ற புத்தகம் அக்கா. ஆமிக்காரன் இதப் படிக்கவா போறான்?"

"படம் பார்க்கப் படிப்பு வேணுமா? முகத்த எடுங்க."

"முகத்த எடுத்தா மறுகா என்ன கிடக்கு அக்கா?"

"புள்ள கிடப்பான்" என்றார் அம்மா.

மாமா பின் அறைக்குப் போனார். ஸ்டென்சிலை வெளியே எடுத்தார். பழைய பத்திரிகைத் தாளுக்குள் மடித்து வைத்திருந்தார். பிழையாக வெட்டிய கோட்டை அடைக்க ஒரு சிவப்புத் திரவம் இருக்கும், கியூட்டெக்ஸ் நகப்பூச்சு மணம் அடிக்கும். அதைத் தொட்டு முதலில் ஒரு கண், பிறகு மற்றக் கண், மூக்கு, வாய், உடைந்த பல், எல்லாவற்றையும் பூசி மூடினார். காய்ந்ததும் அதன் மேலேயே ஊசியால் தலைமயிரைக் கீறினார். சட்டைப் பொத்தான்களையும் மூடினார். ஐந்து நிமிடத்தில் அண்ணன் மற்றப் பக்கம் திரும்பிவிட்டான். உச்சியில் இருந்த சுழியை மட்டும் மாமா விடாமல் கீறியிருந்தார். அம்மா அதைக் கவனித்தார்.

பழைய பிரதிகளைச் சேர்க்கும் வேலை எனக்கு. புதுசு கொடுத்துப் பழசை வாங்கவேண்டும். இரண்டு நாள் வெயிலில் வீடு வீடாகப் போனேன். பாதைக்காரரின் மகள், ஐந்து வயது இருக்கும், புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். அந்தப் படத்துக்கு அவள் பெயர்கூட வைத்திருந்தாள். கையைத் திருகிப் பறித்தேன். அழுதாள். முப்பத்தொன்றும் வந்து சேர்ந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாம் அடுப்புக்குள் போனது. அம்மா என் தலையைத் தடவி, "என்ட புள்ள கெட்டிக்காரி" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் வேறெந்த வேலையையும் செய்ததில்லை.

புதுப் புத்தகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பெரியவர்கள் யாரும் காணவில்லை, பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் பக்கத்தில் பொடியன் குடையோடு வரவேண்டும். இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். ஆறாம் பக்கத்தில் எருமைக்குப் பக்கத்தில் நிற்கிறான். மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை கேட்டது:

"ஏன் மாமா இவன் எருமைய உட்டுட்டுப் போறான்?"

"போயிட்டு வருவான்" என்றார் படக்கார மாமா, போத்தலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

விதைப்புக்கு முந்திய கிழமை எங்கள் ஊரைச் சுற்றினார்கள். விடியக் காலம்பற எல்லாரும் பள்ளிக்கூடத் திடலுக்கு வரச்சொல்லி அறிவித்தார்கள். ஆம்பிளைகள் ஒரு வரிசை. ஜீப்புக்குள் தலையாட்டி, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன், சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடந்தார்கள். அண்ணன் போனபோது சாக்கு ஆடியதா, காற்றுக்கு அசைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவன் அண்ணனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். ஒன்பது பேரை ட்ரக்கில் ஏற்றினார்கள். அண்ணன் ஏறும்போது திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். அவனுக்கு முன்னால் இருந்தவனின் செருப்பு கழன்று விழுந்தது, அண்ணன் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தான். பிறகு ட்ரக்கின் படங்குச் சீலையை இழுத்துவிட்டார்கள்.

நான் அழவில்லை. அன்று மத்தியானம் நான் சோறு சாப்பிட்டேன், நன்றாகப் பசித்தது. அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அப்பா முகாம் முகாமாக அலைந்தார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று எல்லா வாசலிலும் சொன்னார்கள். கடைசியில் அக்கரையில் ஓர் அலுவலகத்தில் முறைப்பாடு பதிகிறார்கள், பதிந்த பெயரை முகாமில் கேட்டுச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாதை ஓடிய ஒரு நாளில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் தாய்மார் நெருக்கி நின்றார்கள். வவுணதீவிலிருந்து, மண்டூரிலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்து. பாதிப் பேரிடம் படம் இல்லை. அவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். எரித்துவிட்டோம்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். களைத்துப்போயிருந்தார். "பெயர் மட்டும் போதாது அம்மா. ஒரே பெயரில பத்துப் பேர் இருக்கிறாங்க. முகம் தெரியிற மாதிரி ஒரு படம் வேணும்."

பள்ளிக்கூடத்தில் கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளிக்கூடத்து அலுமாரிகளை, உள்ளே இருந்த படங்களோடு, அங்கே தங்கியிருந்த அகதிகள் எப்போதோ விறகாக்கிவிட்டார்கள்.

அம்மா பையிலிருந்து 'எருமைக்கு ஒரு குடை'யை எடுத்து, ஐந்தாம் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இது முதுகு அம்மா."

"ஓம் ஐயா. என்ட மகன்ட முதுகுதான். சுழியப் பாருங்க."

"முதுக வெச்சு ஆர அம்மா தேடுற?"

அம்மா பக்கத்தை மூடி, தாளின் மூலை மடிந்திருந்ததை நகத்தால் நேராக்கி, பையில் வைத்தார். திரும்பி வரும்போது பாதையில் என் கையைப் பிடித்திருந்தார். இறங்கும்வரை விடவில்லை. துறையில் பாதைக்காரரின் மகள் நின்றாள். அம்மா அவளிடம் குனிந்து, "பழைய புத்தகம் ஒண்டும் உன்னட்ட இல்லையா மகள்?" என்று கேட்டார். அவள் என்னைக் கையால் காட்டினாள்.

அங்கிருந்து நேரே சங்கக்கடை. மாமா விஷயத்தைக் கேட்டதும் ஸ்டென்சிலை எடுத்தார். சிவப்புப் பூச்சுக்குக் கீழே முகம் இருக்கிறதே என்று அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும். பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தார். பூச்சு இளகியது. ஒரு கண்ணின் வளைவு தெரிந்தது. அம்மா "ஓம், ஓம்" என்றார். மாமா இன்னொரு தரம் துடைத்தார். மெழுகும் சேர்ந்து இளகி, தாள் கஞ்சியாகி, பஞ்சோடு வந்துவிட்டது. முகம் இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு ஓட்டை. அதற்குள்ளால் மேசைப் பலகை தெரிந்தது.

"யோசிச்சுக் கீறுங்க தம்பி" என்றார் அம்மா. "மூணு நாள் நிக்கவெச்சுக் கீறின முகந்தானே."

மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "அவன்ட முகத்த நான் ஒருக்காத்தான் கீறினன் அக்கா, அதுக்கு நிறமும் தீட்டல்ல. மறுகா நிறம் தீட்டக்குள்ள முதுகத்தான் முப்பத்தொரு தரம் தீட்டினன். இப்ப கண்ண மூடினா முதுகுதான் வருகுது."

ஆனாலும் கீறினார். முதல் படம் அம்மாவுக்கு யாரோவாக இருந்தது. இரண்டாவது அப்பாவின் தம்பியாக இருந்தது. மூக்கு இப்படி இல்லை என்றார் அம்மா. எப்படி என்று மாமா கேட்டார். அம்மா விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்து, பாதியில் நிறுத்தினார். பதினேழு வருஷம் பார்த்த மூக்கு. பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இவள்ற முகத்த வெச்சுக் கீறுங்க. ரெண்டும் ஒரே அச்சு எண்டு ஊரே சொல்லும்."

கடையில் தாள் வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அம்மா என் இரண்டு பின்னலையும் கழுத்தோடு வெட்டினார். பிறகு காதோரம். மயிர் அரிசிச் சாக்குகளின் மேல் விழுந்தது. என்னை ஒரு மண்ணெண்ணெய்ப் பரலில், தகரப் பீப்பாயில், இருத்தி, அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த அண்ணனின் சட்டையைப் போட்டுவிட்டார்கள். மாமா பென்சிலை எடுத்தார். கன்னத்தை ஒட்டவைத்து, தாடையை அகட்டி, மேலுதட்டில் பூனைமயிர் வைத்தார். பல்லின் மூலையை உடைத்தார். புருவத்துக்கு வந்தபோது நிறுத்தினார்.

"வெட்டு எந்தப் பக்கம் அக்கா?"

"இடது" என்றார் அம்மா. "வலது" என்றார் அப்பா. என்னைக் கேட்டார்கள். சாப்பிடும்போது அண்ணனுக்கு எதிரே இருப்பவள் நான். எனக்கு இடது கைப் பக்கம் தெரிந்தது அவனுக்கு எந்தக் கை என்று யோசித்து யோசித்துக் குழம்பிப்போய், "இடது" என்றேன். அம்மா சொன்னதால் சொன்னேன். அப்பா வெளியே போய் நின்றார்.

அந்தப் படம் பதிவாகியது. ரோனியோவில் பிரதிகளும் அடித்தோம். முகாம் வாசல்களில், அலுவலகங்களில், பிறகு வந்த ஒவ்வொரு விசாரணையிலும் அம்மா அதைக் கொடுத்தார். ஒரு முகாமிலிருந்தும் ஓம் என்று பதில் வரவில்லை.

படக்கார மாமா அதற்குப் பிறகு புத்தகம் செய்யவில்லை. விஷயம் பரவி, படம் எரித்த தாய்மார் அவரைத் தேடி வந்தார்கள். யாருக்காவது தங்கச்சி இருந்தால் தங்கச்சியை, தம்பி இருந்தால் தம்பியை, ஒருவரும் இல்லாவிட்டால் தாயையே பரலில் இருத்திக் கீறினார். ஒரு தாளில் ஒரு முகம், கதை இல்லை. சில வருஷத்தில் தமக்கையோடு இருக்க அக்கரைக்குப் போய், அங்கேயே நெஞ்சு வருத்தத்தில் காலமானார். அவருடைய புத்தகங்கள் எங்காவது இருக்கின்றனவா என்று நான் விசாரித்துப் பார்த்தேன். நண்டும் தவளையும் ஒரு பிரதிகூட இல்லை. எருமை மட்டும் என்னிடம் இருக்கிறது, முதுகோடு.

எனக்கு அம்மாவில் கோபம் வந்ததே இல்லை. அவர் பிள்ளையைக் காப்பாற்றத்தான் முகத்தை அழித்தார். எனக்குக் கோபம் அந்தப் பத்து வயதுக் கெட்டிக்காரியில். ஒன்றைத் தவறவிட்டிருக்கலாம். ஒரே ஒன்றை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அண்ணனின் முகம் எனக்கு இப்போது ஞாபகமில்லை. நினைக்கப் பார்த்தால் அந்தப் பென்சில் படம்தான் வருகிறது, அது நான். யுத்தம் முடிந்து, காணாமல் போனவர்களின் தாய்மாரோடு அம்மா தெருவோரத்தில் இருந்த நாட்களில், அவரால் முடியாதபோது படத்தை நான் பிடித்திருப்பேன். வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "அப்பிடியே உங்கட முகம்" என்பார்கள். ஓம் என்பேன்.

அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் ஆள் அறியமாட்டார். நான் வருத்தக்காரி, நோய்க்கு மருந்து எடுத்ததில் மயிர் கொட்டிப்போய், தலையை ஒட்ட வெட்டியிருந்தேன். ஒரு பின்னேரம் கஞ்சி கொண்டுபோனபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்தார். பெருவிரலால் இடது புருவத்தைத் தடவினார். பிறகு வலது புருவத்தை.

"வந்திட்டியா மனே" என்றார். அண்ணனை அம்மா அப்படித்தான் கூப்பிடுவார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையாகவே ஒன்றும் தோன்றவில்லை. "வந்திட்டன் அம்மா" என்றேன். அவருடைய கண் நிறைந்தது. இவ்வளவு காலமும் எல்லா வாசலிலும் காட்டிய அதே முகம்தானே. அதை அவர் நம்பினார். கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். பிறகு கரண்டியைத் தள்ளிவிட்டு, என்னை இன்னொரு தரம் பார்த்தார்.

"ஒருக்காக் கிறுகு, பாப்பம்."

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் சுவர். பின்னால் அம்மா மூச்சு விடுவது கேட்டது. வெகுநேரம் நின்றேன். என் உச்சியில் சுழி இல்லை.

"நீயா புள்ள" என்றார் அம்மா.

"ஓம்மா" என்றேன். "நான்தான்."